ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம்

கோயம்புத்தூரிலிருந்து கோழிக்கோட்டுக்குப் பாலக்காடு வழியாகப் போனால் மலை ஏறவே வேண்டாம். ரயிலும் லாரியும் அப்படித்தான் போகின்றன. சைக்கிள்காரர்கள் சிலர் மட்டும் வேண்டுமென்றே வடக்கே திரும்பி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர், நிலம்பூர் என்று நீலகிரியின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறார்கள். ஏறத்தாழ 270 கி.மீ., நான்கு நாள் பயணம். சமவெளியில் இது பெரிய தூரமில்லை. நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தின் தொடக்கப் படியான 200 கி.மீ. பிரெவே சவாரிக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் நேரமே 13½ மணிதான். அதை முடித்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லாப் பெரிய ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த மலையில் பாதியில் பஸ் ஏறியிருப்பார்கள். கால் வலித்து ஏறியவர்களைவிட, நனைந்து நடுங்கி ஏறியவர்களே அதிகம்.

காரணம் எளிது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலை தொட்டபெட்டா சந்திப்பில் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் மலையைக் கடக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால், ஏறி முடிப்பதற்குள் வெப்பம் 13 டிகிரி குறைந்திருக்கும். இதோடு மழையும் பக்கம் பார்த்துப் பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நடுவட்டம், கூடலூர், தேவாலா பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். அக்டோபர் பிறந்ததும் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி சரிவுகளை நனைக்கும். நீலகிரிக்கென்று ஒரே வானிலை அறிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புவது வீண்வேலை.

எந்த மாதம் போகலாம்

முதல்முறை போகிறவருக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை ஏற்ற காலம். மழை அரிது, காற்று தெளிவு. ஒரே தொல்லை உறைபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி விடியற்காலையில் வெள்ளையாக விரிந்து கிடக்கும். அந்த நாட்களில் ஊட்டியிலிருந்து ஒன்பது மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். நிழல் விழும் வளைவுகளில் ஈரம் காய நேரம் பிடிக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் வானிலையைவிடக் கூட்டம் பெரிய சிக்கல். சீசனில் போலீஸார் ஒருவழிப் போக்குவரத்து விடுவது வழக்கம்: வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும். கோத்தகிரிச் சாலையில் ஏறும் சைக்கிள்காரருக்கு எதிரே இறங்கும் கார்களின் வரிசை வரும். போதாக்குறைக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் கோடை இடிமழை.

அக்டோபர், நவம்பரில் புதியவர்கள் இந்தப் பாதையைத் தொடவே வேண்டாம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, மலைச்சரிவுகள் ஊர்களோடு இறங்கின. மேற்குப் பக்கமும் இளைத்ததல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. அதே மழையில் நாடுகாணிச் சுரம் சரிந்து, நிலம்பூர்ப் பாதை அடைபட்டது. சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ஒரு சரிவில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு நாள், நான்கு வானம்

1. கோவை – மேட்டுப்பாளையம் – கோத்தகிரி, சுமார் 70 கி.மீ. பாதிவழி சமவெளி. பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் சாலை பிரியும். ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு, மற்றொன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு. சைக்கிளுக்குக் கோத்தகிரிச் சாலையே நல்லது. குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இடைவிடாத சுற்றுலாப் பஸ்களும் உண்டு. கோத்தகிரி ஏற்றம் நீளம், ஆனால் சீரானது. 33 கி.மீ.யில் 1,450 மீட்டருக்கு மேல் ஏறும்.

2. கோத்தகிரி – கட்டபெட்டு – தொட்டபெட்டா சந்திப்பு – ஊட்டி, சுமார் 30 கி.மீ. தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பயணத்தின் உச்சி இங்குதான். மூடுபனியும் இங்குதான். அரை நாளில் முடித்து ஓய்வெடுக்கவும். கால் மிச்சமிருந்தால் சந்திப்பிலிருந்து 3 கி.மீ. மேலே, 2,637 மீட்டரில் தொட்டபெட்டா சிகரம்.

3. ஊட்டி – தலைகுந்தா – பைக்காரா – நடுவட்டம் – கூடலூர், சுமார் 50 கி.மீ. பைக்காரா வரை புல்வெளியும் பைன் மரமுமாக ஏறி இறங்கும் சாலை. நடுவட்டம் தாண்டியதும் ஊசிமலை வழியாகக் கூடலூர் வரை ஓயாத இறக்கம். இந்த அத்தியாயத்தில் பிரேக் பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தத் துண்டுக்காகத்தான்.

4. கூடலூர் – நாடுகாணி – வழிக்கடவு – நிலம்பூர் – கோழிக்கோடு, சுமார் 120 கி.மீ. காலையில் சுரம் இறக்கம், பிறகு கேரளச் சமவெளியின் புழுக்கம். பயணத்தின் மிக நீண்ட நாள். களைத்தவர்கள் நிலம்பூரில் தங்கி ஐந்தாவது நாளில் முடிக்கலாம், அதில் குறைவு ஏதுமில்லை.

தலைகுந்தாவில் வலது பக்கம் பிரியும் கல்லட்டிச் சாலை மீது சைக்கிள்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. 36 கொண்டை ஊசி வளைவு. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சவாரியில் இதன் ஏற்றம்தான் பேர்போனது. ஏற்றம் என்பதைக் கவனிக்கவும். மசினகுடிப் பக்கமிருந்து ஏறுவது கடினம், ஆனால் ஆபத்து குறைவு. ஊட்டியிலிருந்து அதில் இறங்குவது வேறு கதை. செங்குத்தாக இறங்கும் இந்தச் சாலையில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் எண்ணிக்கை காரணமாகத்தான் வெளியூர் வண்டிகள் கீழே இறங்கத் தடை போட்டிருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் அது தேவையுமில்லை.

யானையின் நேரம், மழையின் நேரம்

மலையில் பிற்பகல் மழை வழக்கம் என்பதால் விடியுமுன் கிளம்பு என்று எல்லாரும் சொல்வார்கள். சமவெளிக்காரரின் அறிவுரை அது. மேட்டுப்பாளையம்–குஞ்சப்பனைச் சாலை யானைகள் கடக்கும் இடம். பலாப்பழக் காலத்தில் தோட்டங்களைத் தேடி அவை சாலையோரமே நிற்கும். நாடுகாணி–வழிக்கடவு காடும் அப்படித்தான். சைக்கிள் சத்தமில்லாமல் போகும் வண்டி. யானைக்கு அது வருவது தெரியாது, வளைவின் மறுபுறம் யானை நிற்பது ஓட்டுபவருக்கும் தெரியாது.

ஆகவே காட்டுத் துண்டுகளில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே நுழைய வேண்டும். உயரமான துண்டுகளை மதியம் ஒன்றரை மணிக்குள் முடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது ஏழு மணி நேரம். நாள் கணக்கைத் தூரத்தால் போடாமல் இந்த ஏழு மணியால் போடவும். முதல் நாள் கோவையிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால், சமவெளி இருட்டில் போய்விடும். மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு அடிவாரத்தில் நிற்கலாம்.

சாலையில் யானை நின்றால்:

1. நூறு மீட்டராவது தள்ளி நிற்கவும். பெல் அடிக்கவோ கத்தவோ வேண்டாம். விளக்கை அதன்மேல் அடிக்கவும் வேண்டாம்.
2. பின்னால் வரும் பஸ்ஸையோ லாரியையோ கையசைத்து நிறுத்தி, அதன் மறைவில் காத்திருக்கவும்.
3. அது உள்ளே போனதும் உடனே கடக்க வேண்டாம். கூட்டமாக இருந்தால் குட்டியோ இன்னொன்றோ பின்னால் வரும்.
4. ஏற்றத்தில் சைக்கிளில் தப்பிக்க முடியாது. வந்த வழியே, இறக்கத்தில் திரும்புவதே வழி.

சைக்கிள்

விலை முக்கியமில்லை. மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால் போதும்.

முதலாவது கியர். முன்புறச் சிறிய பல்சக்கரமும் பின்புறப் பெரிய பல்சக்கரமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைப் பற்களோடு இருந்தால் நல்லது. முன்னே 34, பின்னே 32 அல்லது 34. பந்தயச் சைக்கிளில் வரும் 25 பல் பின்சக்கரத்தோடு கோத்தகிரி ஏறுபவர்கள் குஞ்சப்பனையிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

இரண்டாவது டயர். 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம். ஈரச் சாலையில் வழக்கமான காற்றழுத்தத்திலிருந்து பத்து பி.எஸ்.ஐ. குறைத்தால் பிடிப்பு கூடும்.

மூன்றாவது பிரேக். கிளம்புமுன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றவும். ஒரு ஜோடியைப் பையில் வைக்கவும். வெயிலில் ஆயிரக்கணக்கான கி.மீ. வரும் கட்டை, சேறும் மணலும் கலந்த மழை இறக்கத்தில் ஒரே நாளில் தேய்ந்துபோவது உண்டு. கேபிள் பிரேக் என்றால் கேபிளில் பிரிந்த இழை இருக்கிறதா என்று பார்க்கவும். எண்ணெய் பிரேக் என்றால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போகக் கூடாது.

பையில்: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், ஆறுமுனைச் சாவிகள், செயின் இணைப்பு ஒன்று, மழைக்கு ஏற்ற கெட்டியான செயின் எண்ணெய் சின்னக் குப்பி. முன்னும் பின்னும் விளக்கு, பகலிலும் எரிய விட. பின்சக்கரத்துக்கு மட்கார்டு அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிவைப்பவர்கள் முதல் மழையிலேயே முதுகுத் தண்டு முழுக்கச் சேற்றுக்கோட்டோடு போய்ச் சேருவார்கள்.

உடுப்பு இறக்கத்துக்குத்தான்

1988 ஜூன் 5. இத்தாலி சைக்கிள் போட்டியான ஜிரோ அன்று கவியா கணவாயைக் கடந்தது. உயரம் சுமார் 2,600 மீட்டர், ஏறக்குறைய நம் தொட்டபெட்டா. அடிவாரத்தில் மழை, மேலே பனிப்பொழிவு. நெதர்லாந்து வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு எல்லாருக்கும் முன்னால் உச்சியைத் தொட்டார். ஏறும்வரை உடம்பின் சூடு அவரைக் காப்பாற்றியது. இறங்கத் தொடங்கிய சிறிது தூரத்தில் கையும் காலும் விறைத்துப் போய் நின்றுவிட்டார். ஒதுங்கிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி கிளம்பி, அன்றைய முதல்வருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார்.

அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனும் அதே பனியில்தான் ஓட்டினார். அவருடைய அணிக்காரர்கள் அன்று காலையிலேயே கடைகளில் பனிச்சறுக்கு உடுப்புகளும் கையுறைகளும் வாங்கி, உச்சிக்கு அருகில் வைத்துக் காத்திருந்தார்கள். எரிக் ப்ரூகிங்குக்கு அடுத்ததாக இரண்டாவது வந்த ஹாம்ப்ஸ்டன் அன்று, மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார். கடைசியில் அந்த ஆண்டின் ஜிரோவையே வென்றார்.

இருவருக்கும் ஏற்றம் ஒன்றே. இறக்கத்துக்கு யாரிடம் உடுப்பு இருந்தது என்பதில்தான் நாள் தீர்மானமானது. தொட்டபெட்டாவில் பனி பெய்யாதுதான். ஆனால் வியர்வையில் ஊறிய சட்டையோடு, 12 டிகிரிக் குளிரில், 40 கி.மீ. வேகக் காற்றில் அரை மணி நேரம் கால் அசைக்காமல் உட்கார்ந்து இறங்கினால் உடம்புக்கு அது பனிதான்.

இதற்கான வரிசை:

1. ஏறும்போது மெல்லிய ஒற்றைச் சட்டை. தூறலுக்கு மழைக்கோட்டு போட வேண்டாம். உள்ளே வியர்த்து நனைவதும் வெளியே மழையில் நனைவதும் ஒன்றே.
2. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், காற்றில்லாத ஓரத்தில் அல்லது டீக்கடையில் நிற்கவும். குளிரத் தொடங்குமுன் நிற்பது முக்கியம்.
3. நனைந்த உள்சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போடவும். வெட்கப்பட நேரமில்லை.
4. அதன்மேல் காற்றுப் புகாத மழைக்கோட்டு, ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய குல்லா, முழுவிரல் கையுறை.
5. மழைக்கோட்டு மறந்துபோனால் ஒரு தினசரிப் பத்திரிகையை விரித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகவும். பிரான்ஸ் போட்டிகளில் வீரர்கள் கணவாய்களின் உச்சியில் பத்திரிகை வாங்கிச் செருகிக்கொண்டு இறங்குவது நெடுங்காலப் பழக்கம். கட்டபெட்டு பெட்டிக்கடைப் பத்திரிகையும் அதே வேலையைச் செய்யும்.

காய்ந்த துணியை நீர்புகாப் பையில் சுருட்டி வைக்கவும். அதில் ஒரு ஜோடிக் காலுறையும் ஒரு பனியனும் இரவு வரை தொடக்கூடாத சேமிப்பு. எவ்வளவு நனைந்தாலும் அறைக்குப் போனால் காய்ந்தது ஒன்று இருக்கிறது என்ற நிலை வேண்டும். ஊட்டி விடுதிகளில் துணி ஒரே இரவில் காய்வது நடக்காத காரியம். ஈர ஷூவுக்குள் பத்திரிகைக் காகிதத்தைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளும் அளவுக்காவது வரும்.

ஏற்றம்

ஏறுவதில் சொல்ல அதிகமில்லை. மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். முதல் ஐந்து கி.மீ.யில் மற்றவர்களைத் துரத்துபவர்கள் கடைசி ஐந்தில் தள்ளிக்கொண்டு வருவார்கள். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சமதளம். எதிரே வண்டி இல்லாவிட்டாலும் இடதுபுறத்தை விட்டு விலகாமல், அந்த ஓரத்திலேயே எளிதான கோட்டைத் தேடவும். பெரிய பஸ் வளைவில் திரும்பும்போது பின்பகுதி ஓரத்தைத் துடைத்துக்கொண்டு வரும். அது திரும்பி முடிக்கும்வரை வளைவுக்கு வெளியே நிற்பது அவமானம் இல்லை.

பயிற்சிக்கு எட்டு வாரம் வேண்டும். வாரம் ஒரு மலை கிடைத்தால் அதிர்ஷ்டம். சேலத்துக்காரருக்கு ஏற்காட்டின் 20 வளைவு, திருப்பத்தூர்ப் பக்கத்தாருக்கு ஏலகிரியின் 14, நாமக்கல்லாருக்குக் கொல்லிமலையின் 70, பொள்ளாச்சியாருக்கு வால்பாறையின் 40. சென்னைக்காரருக்கு மலை இல்லை, கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்று உண்டு. கனமான கியரில், எதிர்க்காற்றில், இரண்டு மணி நேரம் நிற்காமல் மிதிப்பது ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட இணையான பயிற்சி. இறக்கத்துக்கு அங்கே பயிற்சியே கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும்.

தண்ணீரும் தீனியும்

குளிரில் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் மணிக்கு அரை லிட்டர் குடிக்க வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் அகப்படாது. சாலையோரக் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ள இரண்டு சொந்த பாட்டிலும் கொஞ்சம் சில்லறையும் வேண்டும்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடவும்: வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை. பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது. ஊட்டி வர்க்கியும் டீயும் நல்ல இணை. ஆனால் நெய்யும் வனஸ்பதியுமான வர்க்கி நான்கைத் தின்றுவிட்டு ஏறினால் வயிறு பேசும். அதை அன்றைய சவாரி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளவும். நான்காவது நாள் கேரளப் புழுக்கத்தில் வியர்வை ஊற்றும்போது உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று உதவும்.

இறக்கம்

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் நாளைத்தான் புதியவர்கள் "ஓய்வு நாள்" என்று குறித்துவைப்பார்கள். விபத்துக்கு வசதியான மனநிலை அது.

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் கட்டை கண்ணாடிபோல் மழமழப்பாகிப் பிடிப்பை இழக்கும். இரண்டு, வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பது. மூன்று, பயத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்புவது.

சரியான முறை:

1. கைகளை ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் வைத்து, இரண்டு விரல் எப்போதும் லீவர்மேல் இருக்கட்டும். உடம்பைப் பின்னால் தள்ளி உட்காரவும்.
2. சாலை நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைக்கவும். நிறுத்தும் வலு முன் பிரேக்கில்தான் அதிகம். ஈரத்தில் அதைச் சட்டென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும்.
3. வளைவு தொடங்குமுன் விடவும். வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவின் முடிவில். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழியையே பார்த்தால் அதில்தான் போய் விழுவோம்.
4. வளைவு முடிந்ததும் மறுபடி அழுத்தி, மறுபடி விட்டு, பிரேக் ஆற இடைவெளி கொடுக்கவும்.
5. ஐந்து கி.மீ.க்கு ஒருமுறை நிற்கவும். ரிம்மையோ டிஸ்க்கையோ கையால் தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். "சுர்" என்றால் பத்து நிமிடம் காத்திருக்கவும்.

மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடும். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே மெல்லத் தொட்டு ரிம்மைத் துடைத்து வைக்கவும். வழுக்கும் இடங்களை மனப்பாடம் செய்யவும்: வெள்ளைக் கோடு, வேகத்தடையின் பெயிண்ட், பாலத்தின் இரும்பு இணைப்பு, தைலமரப் பட்டையும் இலையும் விழுந்த ஓரம், தேயிலை லாரி விட்டுப்போன சேறு, வளைவுகளில் சிந்திய டீசல். நெடுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் பதினைந்து நிமிட மழைதான் மிக மோசம். சாலையின் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் அப்போது மேலே மிதக்கும். அந்தக் கால் மணி நேரத்தை ஒரு டீயோடு கழிக்கவும்.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கும் சைக்கிள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மூடுபனி, இடி, சரிவு

மூடுபனியில் கேள்வி ஒன்றே: எத்தனை மீட்டர் தெரிகிறது? சாலையோர வெள்ளைக் கல் மூன்று வரிசையாகத் தெரிந்தால் மெதுவாகப் போகலாம். ஒன்றுதான் தெரிகிறது என்றால் சாலையை விட்டு இறங்கி நிற்கவும். பின்னால் வருபவருக்கு சைக்கிள் தெரிகிறதா என்பதே நம் கண்ணுக்குத் தெரிவதைவிட முக்கியம். மஞ்சள் அல்லது ஒளிரும் மேலங்கி போட்டு, பின்விளக்கை மினுக்க விடவும். கறுப்பு மழைக்கோட்டு ஊட்டிச் சாலையில் தற்கொலை உடை.

இடி கேட்டால் புல்வெளியில் இருக்கக் கூடாது. பைக்காராவுக்கு முன்னால் உள்ள திறந்த மேட்டுப் பகுதிகளில் மிக உயரமான பொருள் சைக்கிள் ஓட்டுபவராகவே இருப்பார். தனிமரத்தடி இன்னும் மோசம். கட்டடமோ நின்றிருக்கும் காரோ கிடைத்தால் உள்ளே போகவும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே கிளம்பவும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் "தாமினி" செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும். வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை ஆரஞ்சு என்றால் அன்று ஓய்வு. சிவப்பு என்றால் விவாதமே இல்லை.

சரிவுக்கு முன்னறிகுறிகள் உண்டு. ஓரச் சுவரிலிருந்து சேற்றுநீர் புதிதாகப் பீறிடுவது, சிறு கற்கள் உருண்டு சாலையில் கிடப்பது, மரங்கள் சாய்ந்து நிற்பது. இவற்றைக் கண்டால் கடந்துவிடலாம் என்று எட்டி மிதிக்காமல் திரும்பவும். மேலிருந்து வரும் அரசுப் பஸ் டிரைவரிடம் "மேலே எப்படிங்கண்ணா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பது எந்தச் செயலியையும்விடப் புதிய தகவல் தரும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்ஸ் 108. காட்டுத் துண்டுகளில் சிக்னல் போய்விடும் என்பதால், எத்தனை மணிக்குள் எந்த ஊரிலிருந்து கூப்பிடுவோம் என்பதைக் கிளம்புமுன்பே ஒருவரிடம் சொல்லிவைக்கவும்.

பின்னால் கார் ஒன்று துணைக்கு வருவதானால் அது நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இது நடைமுறையில் வந்தது. முந்தின நாளே பதிவுசெய்துகொள்வது நல்லது.

நடுக்கம் நிற்காவிட்டால்

நனைந்த உடம்புக்கு உறைநிலை தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும். கூட வருபவரைக் கவனிக்கவும். நடுக்கம் முதல் அறிகுறி. அதன்பின் ஜிப்பைப் போட விரல் வராது, பேச்சு குழறும், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எரிச்சலோடு சொல்வார். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடாகாமலே திடீரென்று நடுக்கம் நின்றுபோனால் அது தேறியதற்கு அடையாளம் அல்ல, ஆபத்து முற்றியதற்கு அடையாளம்.

1. காற்றும் மழையும் படாத இடத்துக்குக் கொண்டுபோகவும்.
2. ஈரத்துணி எல்லாவற்றையும் கழற்றி, காய்ந்த துணியும் கம்பளியும் சுற்றவும். தலையை மூடவும்.
3. தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான டீ கொடுக்கவும். பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோலுக்குச் சூட்டை இழுத்து உள்ளே குளிர வைக்கும்.
4. கைகால்களைத் தேய்க்க வேண்டாம். நெஞ்சுப் பகுதிக்குச் சூடு கொடுக்கவும்.
5. பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 108. அன்று மறுபடி சைக்கிள் ஏற்ற வேண்டாம்.

மேற்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. பிடுங்கி எறியாமல் உப்போ மூக்குப்பொடியோ வைத்தால் தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயமில்லை.

கோழிக்கோடு சேர்ந்த பிறகு

ஊருக்கு ரயிலில் திரும்புவதானால் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும். பார்சல் பெட்டி உள்ள வண்டியா என்று முதலில் கேட்கவும். ரயில் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், பெடலையும் விளக்கையும் கழற்றிப் பையில் வைத்து, கியர் தொங்கும் பக்கத்தில் அட்டை கட்டி, பெயரும் சேருமிடமும் எழுதி ஒட்டவும்.

அதற்கு முன் அறை வாசலில் ஒரு வாளித் தண்ணீர். மழையில் ஓடிய சைக்கிளை இரண்டு நாள் அப்படியே விட்டால் செயின் துருவேறி இறுகிவிடும். சேற்றைக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பின் எண்ணெய் விடவும். பிரேக் கட்டையில் செருகியிருக்கும் மணலையும் அலுமினியத் துகளையும் ஊசியால் நோண்டி எடுக்கவும். சீட் கம்பியைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாகப் பிடிக்கவும். சட்டகத்துக்குள் புகுந்த தண்ணீர் வடிந்து முடித்த பிறகு, கம்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது.